பிரைமர் காயாத பானட்டில் ஒரு மாப்பிள்ளை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்ததை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சரிசெய்துகொண்டிருக்கிறேன். இன்று காலைதான் பானட்டில் இருந்த துருவையெல்லாம் தேய்த்து எடுத்து, பெயின்ட்டுக்கு முன் பூசும் சாம்பல் நிற பிரைமர் அடித்தேன்.

உப்புத்தாள் தீர்ந்துவிட்டதால் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால், பானட் மேல் பட்டு வேட்டியோடு ஒரு மாப்பிள்ளை. பக்கத்தில் அவருக்கு நிச்சயமான பெண். எதிரில் ஒரு கேமராக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் போட்டோவாம்.

"யாரைக் கேட்டு ஏறினீங்க?" என்றேன்.

"சும்மாதானக்கா நிக்கிது. துரு லுக்கு சூப்பரா கீது" என்றார் கேமராக்காரர். அதோடு விடவில்லை. "பானட்ல மட்டும் ஏன் துருவ எடுத்தீங்க? கெடுத்துட்டீங்களே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கை வலிக்க வலிக்கத் தேய்த்தவள் நான்.

மாப்பிள்ளை இறங்கினார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். "இன்னாக்கா, ஈரமா கீதுன்னு ஒரு போர்டு வெக்கக் கூடாதா? வேட்டி பூட்ச்சே" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "வண்டிக்காரங்கள கேட்டுட்டு ஏறுன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா நீ? மொதல்ல அக்காகிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டார், முனகலாக.

பானட்டை மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அந்தப் பெண் என்னைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறாள். போய், மேடையில் மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?