கலாவதி அண்ணி

எங்க அண்ணி பேரு கலாவதி. ஆனா இங்க ரங்கூன்ல மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைக்குப் போய் கலாவதி எங்கன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மா கின் லேன்னு கேக்கணும். அவிச்ச பட்டாணி விக்கிற கோவக்காரியான்னு உடனே கையக் காட்டுவாங்க. அண்ணின்னா என் வீட்டுக்காரர் மகேந்திரனோட அக்கா. அம்மா அப்பா போனப்புறம் அவரைத் தூக்கி வளத்து ஆளாக்குனது அவங்கதான். தனக்குக் கல்யாணம்னு ஒரு பேச்சையே எடுக்க விடல.

பேரு மாறுனதுக்கு இந்த ஊருதான் காரணம். கலாவதியைச் சுருக்கினா கலா. தமிழ்நாட்டுல அது எவ்வளவு லட்சணமான பேரு! இங்க பர்மாக்காரங்க நம்ம மூஞ்சியப் பாத்து இளக்காரமாத் திட்டுற சொல்லும் அதேதான். பொம்பளையா இருந்தா கலாமா. பள்ளிக்கூடத்துல டீச்சர் பேரு கூப்பிட்ட மொத நாளே வகுப்பு மொத்தமும் மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சுதாம். அண்ணி வீட்டுக்கு வந்து, இனிமே அந்தப் பேரச் சொன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னிருக்காங்க. அப்புறம்தான் கின் லேங்கிற பர்மாப் பேரு. முன்னால வர்ற ‘மா’ இங்க அக்காங்கிற மாதிரி ஒரு மரியாதைக்கு.

நான் ஒண்ணும் கதை விடல. வயித்துல புள்ளையோட கடையில உக்காந்திருந்தப்ப என் கண்ணால பாத்தேன். பட்டாணி வேகலன்னு ஒருத்தி பொட்டலத்தப் பலகை மேல விசிறியடிச்சு, அந்தச் சொல்லையும் கூடவே விசிறினா. தெரு பூரா கேட்டுச்சு. அவ கொண்டையப் புடிச்சு இழுக்கணும்னு எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. அண்ணி அடுத்த ஆளுக்குப் பட்டாணிய அள்ளிக்கிட்டே, “உக்காரு ராஜி. வயித்துப்புள்ளக்காரி எந்திரிக்காத”ன்னாங்க. அவங்க முகம் செத்துப் போனத நான் பாத்தேன். எம் புள்ளைக்கு இப்படி ஒரு முகம் வரக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்கிறாங்கன்னு பேச்சு வந்ததும் மகேந்திரன் தாய்லாந்து பக்கம் வேலைக்குப் போயிட்டாரு. பொண்ணு பொறந்தத போன்லதான் பாத்தாரு. பாத்து அழுதாரு. கண்ணத் தொடச்ச கையோட, “அக்கா பேரத்தான் வைக்கணும்”ன்னாரு.

“புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? நீங்க அங்க போய் உக்காந்துகிட்டீங்க. இங்க பள்ளிக்கூடம் போகப் போறது யாரு?”

“அக்கா இல்லன்னா நான் எங்க ராஜி? அவளுக்குன்னு நான் என்னத்தக் குடுத்தேன்? இது ஒண்ணுதான். அவகிட்ட சொல்லியாச்சு, நீ குறுக்க வராத.”

எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னா எங்க வழக்கத்துல தொட்டில் போடுற அன்னைக்கு அத்தைதான் பேரு சொல்லணும். புள்ளையோட ஒரு காத வெத்தலையால மூடிக்கிட்டு, இன்னொரு காதுல மூணு தரம். அத்தை வாயிலேர்ந்து எது வருதோ அதுதான் பேரு, அப்புறம் யாரும் மாத்தக் கூடாது. பெத்தவளுக்கு அங்க பேச்சே கிடையாது. பத்து மாசம் சுமந்தது நானு, பேரு வைக்கிறது அவங்களாம்! நல்லா இருக்கு நியாயம்!

அண்ணி என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும்னு காத்திருந்தேன். அவங்க பாட்டுக்கு காலையில பட்டாணிக் கூடையத் தூக்கிட்டுப் போவாங்க, வந்து புள்ளையக் குளிப்பாட்டுவாங்க, எனக்குப் பத்தியச் சோறு போடுவாங்க. நானா ஒரு நாள் ஆரம்பிச்சேன். “அண்ணி, பாப்பா பேரு...”

“தொட்டில் அன்னைக்குப் பாத்துக்கலாம்”னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வேற வந்து எரியிற அடுப்புல எண்ணெய ஊத்துனா. “உங்க அண்ணி புதுச்சேலை எடுத்திருக்கா தெரியுமா? பச்சைல அரக்கு பார்டர். புள்ளைக்குத் தன் பேரு வரப் போகுதுல்ல, இருக்காதா பின்ன!” எப்பவும் பர்மாக்காரிங்க மாதிரி இடுப்புல லொங்ஜியச் சுத்திக்கிட்டுத் திரியிற மனுஷி அவங்க. புதுச்சேலைன்னா ஆசை வந்திருச்சுன்னுதான அர்த்தம்? எனக்கு அவங்க மேல கோவமும் வந்துச்சு, அவங்க போட்ட சோத்தத் தின்னுக்கிட்டே கோவப்படுறோமேன்னு வெக்கமாவும் இருந்துச்சு.

தொட்டில் நாளும் வந்துச்சு. கரண்டு இல்ல. சின்ன வீடு, சனம் நெறைஞ்சு புழுக்கம் தாங்கல. மகேந்திரன் போன்ல தெரிஞ்சாரு, போன ரத்தினம்மாள் தூக்கிப் புடிச்சிருந்தா. அண்ணி பச்சச் சேலையில வந்தாங்க. இங்கத்துப் பொம்பளைங்க கன்னத்துல பூசுற தனாக்காக் குழம்பக் கூடப் பூசல. நான் தொட்டில் கயித்தக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அந்தப் பேரு மட்டும் வரட்டும், சபையாவது ஒண்ணாவது, புள்ளையத் தூக்கிட்டு வெளிய போயிடுறதுன்னு நெஞ்சக் கல்லாக்கிட்டு நின்னேன்.

அண்ணி குனிஞ்சாங்க. வெத்தலைய வச்சுக் காத மூடினாங்க. உதடு அசையுது, ஒண்ணும் கேக்கல. மூணு தரம்.

“சத்தமாச் சொல்லு கின் லே, எங்களுக்கும் தெரியட்டும்”னா ரத்தினம்மாள்.

அண்ணி நிமிந்தாங்க. என்னையத்தான் பாத்தாங்க. “தமிழரசி”ன்னாங்க.

போன்ல மகேந்திரன் கத்துனாரு. “அக்கா! நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வச்சிருக்க?”

“சும்மா இருடா. அந்தப் பேரு உன் வாய்க்குத்தான் இனிப்பு. தெருவுல அத வாங்கிக் கட்டிக்கிட்டவ நானு. எம் மருமகளுக்கு அது வேணாம்.” சொல்லிட்டு, பாயாசம் ஆறுதுன்னு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

கயித்த விட்டேன். நிம்மதிதான். சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா பின்னாடியே போய்ப் பாத்தா, அண்ணி அடுப்பு முன்னால கரண்டியக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்க. பாயாசத்த யாருக்கும் ஊத்தக் காணோம்.

“அண்ணி, அந்தப் பேரு ஆசையாத்தான இருந்துச்சு உங்களுக்கு?”

“ஆசை இல்லாம? அவன் போன்ல சொன்னதும் அன்னைக்கெல்லாம் எனக்குக் கடையில கணக்கே ஓடல. எங்கம்மா பாத்துப் பாத்து வச்ச பேருடி. அவ செத்ததோட போச்சு. அப்புறம் ஒரு வாயாவது அத அன்பாக் கூப்பிட்டு நான் கேக்கல. இந்தச் சின்னதுக்கு வச்சாலாவது வீட்டுக்குள்ள நாலு பேரு செல்லமாக் கூப்பிடுவீங்க, நானும் கேட்டுக்கலாம்னு ஒரு அல்ப ஆசை.” மூக்க உறிஞ்சிக்கிட்டாங்க. “போதும் போ. வந்தவங்களுக்கு டம்ளர் எடு.”

நான் டம்ளர் எடுக்கல. தொட்டிலுக்குப் போய் அந்த வெத்தலைய எடுத்துட்டு வந்தேன். வீட்டுக்கு வாழ வந்தவ மூத்த நாத்தனார் பேர வாயால சொல்லக் கூடாது. சொன்னா மரியாதைகெட்டவ. கெட்டுட்டுப் போறேன்! அவங்க பக்கத்துல மண்டி போட்டு, ஒரு காத வெத்தலையால மூடி, மத்த காதுல சொன்னேன்.

“கலாவதி. கலாவதி. கலாவதி.”

“சீ, பைத்தியக்காரி, யாராவது பாக்கப் போறாங்க”ன்னு என் கையத் தட்டிவிட்டாங்க. கரண்டியப் பானையில போட்டாங்க. கலக்கினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, காத மறைச்ச முடிய ஒதுக்கி விட்டுக்கிட்டு,

“இன்னொரு தரம் சொல்லு”ன்னாங்க.