எல்லாவற்றுக்கும் ஆமாங்க

ஹட்டனில் எழுதிய அந்தப் பரீட்சையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பாஸ், ஃபெயில் என்று ஒரு கண்றாவியும் இல்லாத பரீட்சை. உங்கள் குணத்துக்கும் திறமைக்கும் எந்த வேலை ஒத்துவரும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். அது சொல்கிறபடி இலவச வகுப்பில் இடம் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கிற வகுப்பு. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை நான் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் பேர் பதிய வேண்டும்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரு காம்பராவில் இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. வீட்டில் ஒருவராவது மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தால்தான் அந்தக் காம்பரா எங்களுக்கு. அம்மாவுக்கோ முழங்கால் வீங்கி, மேடு ஏறினாலே உயிர் போகும். வேலை வாங்குகிற உத்தியோகத்தர், எங்கள் கண்டாக்கு ஐயா, வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒன்னு நீ வேலைக்கு வா, இல்ல மகளப் பேர் பதியச் சொல்லு. ரெண்டும் ஏலாட்டி காம்பராவ விட்டுருங்க."

அவர் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "வகுப்பு கெடச்சா நீ போ புள்ள. அது முடியிற வரைக்கும் நான் எப்படியாச்சும் மலைக்குப் போயிருவேன். இந்தக் காலு இன்னும் கொஞ்சம் தாங்கும்."

தாங்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை கிடைத்ததும் டவுனில் ஒரு அறை பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அதுவரை சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். வேறு வழி என்ன இருந்தது?

பரீட்சைக்குப் புறப்பட்ட காலையில் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அம்மா பாடம் எடுத்தாள். "அவங்க எதக் கேட்டாலும் முடியாது, புடிக்காதுன்னு மட்டும் சொல்லிப்புடாத. எல்லாத்துக்கும் ஆமாங்கன்னு சொல்லு."

சொல்லித்தர வேண்டிய விஷயமா இது! காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், காய்ச்சலோடு நிற்கிறவளைப் பார்த்து "முடியுமா?" என்று கேட்டால் "முடியுங்க" என்றுதான் வாயில் வரும். முடியாது என்று சொன்னால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. நடக்கப் பழகும்போதே நாங்கள் பழகிக்கொள்கிற பதில் அது.

ஹட்டனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் கணக்கும் வடிவங்களும் வந்தன. ஜாலியாகச் செய்தேன். அதற்குப் பிறகு குணத்தைப் பற்றிய கேள்விகள். 'ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எனக்குச் சலிப்பு வரும்.' ஐயையோ, சலிப்பு என்று சொன்னால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? இல்லவே இல்லை என்று அழுத்தினேன். 'மழையிலும் வெயிலிலும் வெளியில் வேலை செய்ய விரும்புவேன்.' ஆமாம். 'பிறர் சொல்வதைக் கேட்டு நடப்பது எனக்கு எளிது.' ரொம்ப ஆமாம். 'நானே முடிவெடுக்க ஆசைப்படுவேன்.' சேச்சே, அப்படியெல்லாம் கிடையாது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு எழுந்து வந்தேன். மடச்சி!

முடிவு சொன்ன மிஸ்ஸுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கச்சி, கணக்கு ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா ஒங்க குணத்துக்கு ஆபீஸ் வேலை சரிவராதுன்னு வந்திருக்கு. வெளி வேலை, பொறுமையான வேலை, ஒருத்தருக்குக் கீழ செய்யிற வேலை. விவசாயம், தோட்டத்துறைன்னு காட்டுது."

"மிஸ், நான் சும்மா அப்படிப் போட்டேன். எனக்கு மழைன்னாலே புடிக்காது மிஸ். இன்னொரு தடவ எழுதவா?"

"அடுத்த வருஷம்தான் எழுதலாம். உண்மையா பதில் சொல்லுங்கன்னு மொதல்லயே சொன்னோமே?"

உண்மையா! மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்களிடம் எங்கள் லயத்தில் யார் உண்மை சொல்லியிருக்கிறார்கள்? அதை அவளுக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியாமல் அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண்தான். ஆனால் அவளால் ஒன்றும் ஆகவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே வழி நெடுகத் தேயிலை. பார்க்கவே பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே பஸ் எங்கேயாவது கவிழ்ந்து தொலைந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன், பாவம், கூட வந்தவர்கள் என்ன செய்தார்கள்!

அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

"கொழுந்து எடுக்கவா?" என்றாள். "அதச் சொல்றதுக்கு அவங்களுக்குக் கம்ப்யூட்டரு ஒன்னு கேக்குதா? நாசமாப் போக!" வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி, "நான் சொல்லிக்குடுத்ததாலயா புள்ள?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன்.

"நானே போறேன். நீ அடுத்த வருஷம் எழுது." சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் அம்மாவின் கூடையோடு நின்றேன். குளிரில் பல் கிட்டியது. கண்டாக்கு ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன புள்ள, மலை வேல புடிக்குமா?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "புடிக்காதுங்க," என்றேன். "கொஞ்சங்கூடப் புடிக்காதுங்க ஐயா."

பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"இங்க யாருக்குப் புடிச்சிருக்கு? பேரச் சொல்லு."

சொன்னேன். எழுதிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டார்.