அண்ணியோட மூஞ்சிக்கு வந்த எச்சரிக்கை

எங்க அண்ணிக்கு வாயைக்கூடக் கட்டிடலாம், மூஞ்சியைக் கட்ட முடியாது. சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சுன்னா முதல் வாய்க்கே அந்த மூஞ்சி தெருவுக்கெல்லாம் சொல்லிடும். நாத்தனார் நான் சொன்னா பொறாமைம்பீங்க. சொல்லிட்டுப் போங்க.

இப்படிப்பட்டவங்களுக்குக் கிடைச்ச வேலையைப் பாருங்க: பாலியல் வன்முறைக்கு ஆளான பொண்ணுங்களுக்குத் துணையாள். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டுன்னு கூடவே போகணும். யார் என்ன கேப்பாங்க, எந்தக் கதவு வழியா போகணும், பாத்ரூம் எங்கன்னு முன்னாடியே காட்டணும். சாட்சி சொல்லும்போது பக்கத்துல உக்காரணும். ஆனா மூச்! பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, கண்ஜாடை கூடாது. சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிட்டா கேஸே கெட்டுப்போகும். அதே கோர்ட்டுல டைப்பிஸ்ட் நான். அண்ணி உள்ள வந்தாலே என் கண்ணு அவங்க மூஞ்சியிலதான்.

பேக்கரியில வேலை பாக்கிற பொண்ணு ஒருத்தியோட கேஸ். ஒரு வாய்தாவுல எதிர்த்தரப்பு வக்கீல் ஏடாகூடமா ஒண்ணு கேட்டார். பொண்ணு வாயைத் திறக்கிறதுக்குள்ள அண்ணியோட புருவம் மேல போச்சு, உதடு கோணிச்சு, மூக்கு விடைச்சுது. வக்கீல் துள்ளி எழுந்துட்டார்.

"மேடம், சாட்சி இன்னும் பேசல. அந்தம்மா மூஞ்சி பேசி முடிச்சிருச்சு!"

நியாயமாத்தான் சொன்னார், பாவி மனுஷன். இன்னொரு தடவை நடந்தா அண்ணி வெளியேன்னு நீதிபதியம்மா கறாரா சொல்லிட்டாங்க.

வராண்டாவுக்கு வந்ததும் பேக்கரிப் பொண்ணு, "நீங்க இல்லாம உள்ள போகமாட்டேன்க்கா. என்னால முடியாது"ன்னுட்டா. அவ சாட்சி சொல்லலைன்னா கேஸ்ல மாட்டின ஆள் கையை வீசிட்டு நடந்து போயிடுவான். எங்க அண்ணி மூஞ்சியை நம்பியா ஒரு கேஸ் நிக்கணும்! எனக்குச் சோறே இறங்கல.

வீட்டுல பயிற்சி ஆரம்பமாச்சு. எங்க அண்ணன் எதிர்ல உக்காந்து, "உன்னைவிட உங்க அக்கா நல்லா சமைக்கிறாங்க"ன்னார். போச்சு, மூஞ்சி அஷ்டகோணல். அந்த வாரம் அண்ணன் தானே சமைச்சுக்கிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா? பார்த்தாத்தானே கோபம் வருது?"ன்னு அண்ணியே கண்டுபிடிச்சாங்க. மூடிப் பார்த்தாங்க. அண்ணன் என்ன சொன்னாலும் அசையல. அடேங்கப்பா! எங்களுக்கு சந்தோஷம் தாங்கல.

அடுத்த வாய்தா. கதவைச் சாத்திட்டாங்க, வெளியாள் யாரும் இல்ல. அந்த ஆள் திரைக்கு அந்தப் பக்கம். பேக்கரிப் பொண்ணு மெதுவா ஆரம்பிச்சா. அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

நீதிபதியம்மா பார்த்துட்டாங்க. "என்னம்மா, தூங்குறீங்களா?"

அண்ணி பதறி, கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்னாங்க. "இல்லைங்க மேடம். மூஞ்சியை அடக்கிட்டிருக்கேன்." சொன்னது பூரா மூலையில இருந்த பீரோவைப் பார்த்து.

பேக்கரிப் பொண்ணு சிரிச்சுட்டா. அடக்கப் பார்த்து முடியாம, தோள் குலுங்கச் சிரிச்சா. நான் கீபோர்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன்.

வக்கீல் விடுவாரா? "பாருங்க மேடம்! நிஜமாவே அப்படி நடந்திருந்தா இந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வருமா? இதைப் பதிவு பண்ணணும்."

எனக்கு உயிரே போச்சு. ஐயோ அண்ணி, கெடுத்தீங்களே காரியத்தை!

பேக்கரிப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நேரா வக்கீலைப் பார்த்தா.

"வரும் சார். சிரிப்பும் வரும், பசியும் வரும். நான் உயிரோடதானே இருக்கேன்? அன்னைக்குச் சிரிக்கல. வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன். அதையும் பதிவு பண்ணச் சொல்லுங்க."

"ரெண்டையும் டைப் பண்ணுங்க"ன்னாங்க நீதிபதியம்மா. பண்ணேன். அண்ணி கண்ணைத் திறந்துட்டாங்க, மூஞ்சி முழுக்க அழுகை. பேக்கரிப் பொண்ணு அண்ணி பக்கம் திரும்பவே இல்ல. நீதிபதியம்மாவைப் பார்த்து, மிச்சத்தையும் தானே சொல்லி முடிச்சா.