கல்யாணுக்கு ஒரு கழுதை

தாராவியில் சயான் ரோட்டை ஒட்டி ஒரு லாரி பார்சல் கிடங்கு இருந்தது. செண்பகவல்லி 1962இல் அங்கே கோணி தைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பதை நெருங்கிய வயது. கையில் கோணி ஊசி இருந்தால் அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள். ஊசி இல்லாவிட்டாலும் பெரிதாகப் பயந்ததாகச் சொல்வதற்கில்லை.

மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதுவது குமாஸ்தா வானமாமலையின் வேலை. மாட்டுங்காவிலிருந்து தினமும் மடிப்புக் கலையாமல் வருவார். அவருடைய இங்கிலீஷ் எழுத்து கொடி படர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போகும். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரிந்தது முதல் எழுத்து மட்டும்தான். கல்யாண், குர்லா, கோபோலி என்று பாதி ஊர்கள் ஒரே இங்கிலீஷ் எழுத்தில் ஆரம்பித்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? கைக்கு எட்டிய லாரியில் ஏற்றினார்கள்.

1964 தீபாவளிக்கு முந்தின வாரம், கல்யாணில் செருப்புக்கடை வைத்திருந்த பிரம்மநாயகத்துக்கு ஆறு மூட்டை துடைப்பம் போய்ச் சேர்ந்தது. செருப்புகள் கோபோலிக்குப் போய்விட்டன.

வானமாமலை எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார். செண்பகவல்லி மட்டும் தையலை நிறுத்தவில்லை.

“நீங்க எழுதுறது அழகாத்தான் இருக்கு சார், கோலம் மாதிரி. ஆனா கோலத்தப் பாத்து அது எந்த ஊருன்னு சொல்ல முடியுமா?”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும், “வேற என்ன பண்ணலாம்கிறே?” என்று கேட்டார்.

மறுநாள் அவள் தையல்கடையிலிருந்து வெட்டுத்துணி வாங்கி வந்தாள். கல்யாணுக்குச் சிவப்பு, பாண்டுப்புக்குப் பச்சை, குர்லாவுக்கு மஞ்சள் என்று மூட்டையின் மூலைக் காதில் சேர்த்துத் தைத்தாள். குர்லா மூட்டைகள் தவறாமல் குர்லா போயின. ஆனால் கல்யாணும் பாண்டுப்பும் அவ்வப்போது இடம் மாறின. அதுவும் ஜமால் ஏற்றுகிற லாரிகளில் மட்டும்.

ஜமால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கிடங்கிலேயே கெட்டிக்காரன். அவன் ஒவ்வொரு மூட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து யோசிப்பதைச் செண்பகவல்லி கவனித்தாள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு துணிகளை அவன் முன்னால் நீட்டினாள்.

“ஜமாலு, இதுல சிவப்பு எது?”

“என்னக்கா, பச்சப்புள்ளட்ட கேக்குற மாதிரி கேக்கீங்க?” என்று சிரித்துக்கொண்டே பச்சையைத் தொட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க, வேல போயிரும். பெருநாளைக்கு எம் பொண்டாட்டி சாயிரா பச்சச் சேல கேட்டா. நான் சிவப்ப எடுத்துட்டுப் போய்ட்டேன். வேணும்னே எடுத்தேன்னு நெனச்சு அவ சந்தோசப்பட்டுட்டா.”

“அவ சந்தோசத்த ஏன் கெடுக்கணும்?” என்றாள் செண்பகவல்லி. துணிகளை மடியில் செருகிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் காலை வானமாமலையிடம் போனாள். “துணி வேண்டாம் சார். மழ பெஞ்சா சாயம் போயிரும். படம் போட்டுருவோம்.”

“மழை எங்கே இருக்கு செண்பகம்? டிசம்பர்னா இது!”

“வரும்லா சார்.”

அவருடைய மைச்சட்டியையும் துணி சுற்றிய ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செம்பூருக்கு ஒரு செம்பு, பாண்டுப்புக்கு மீன், குர்லாவுக்குக் குடை. கல்யாண் பெரிய ஜங்ஷன் ஆயிற்றே என்று அதற்கு மட்டும் மெனக்கெட்டு ரயில் என்ஜின் வரைந்தாள்.

“கழுத நாலு இந்தப் பக்கம்!” என்று ஜமால் குரல் கொடுத்தான்.

“என்ஜின்லே அது. பொக போகுது பாரு.”

“பொகையா? அது காதுக்கா.”

மூன்று நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். கிடங்கு முழுக்கக் கழுதை என்றே சொன்னது. நான்காம் நாள் அவளே, “அந்தக் கழுதைய எடுத்து வைங்கலே” என்றாள். அதன் பிறகு ஒரு மூட்டைகூட வழி தவறவில்லை.

ஏப்ரலில் பிரம்மநாயகமே ரயிலேறி வந்துவிட்டார்.

“தீவாளிக்குத் தொடப்பம் அனுப்புனீங்க. இப்ப கழுத போட்டு அனுப்புதீங்க. என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?”

வானமாமலைக்கு ரிஜிஸ்டரில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. குனிந்தவர் நிமிரவில்லை.

“அண்ணாச்சி, சரக்கு ஒழுங்கா வருதா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

“வருது.”

“ஒண்ணாவது மாறிச்சா?”

“மாறல. அதுக்காவ கழுதயா? கடைக்கு வாரவன்லாம் சிரிக்கான். ஒரு குதிரயாவது போடக்கூடாதா?”

“அவ்வளவுதான? குதிரயே போட்டுருதேன்.”

அவள் பழைய படத்தையே வரைந்து வாலை மட்டும் நீட்டிவிட்டாள். கிடங்கில் அது வால் நீண்ட கழுதை ஆயிற்று. கல்யாணில் பிரம்மநாயகம் வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டுத் தன் குதிரையைக் காட்டினாராம்.

ஜமாலின் விஷயத்தை அவள் தன் கணவன் பூலோகத்திடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் ஜமால் மேஸ்திரியானான். பதினான்கு ஊர்களுக்குப் படம் சேர்ந்தபோது, அடையாளம் போடுவதற்கென்றே செண்பகவல்லியை வைத்துக்கொள்ளலாம் என்று வானமாமலை முதலாளியிடம் சொன்னார். கோணி ஊசி வேறொருத்தி கைக்குப் போனது. அவளுக்கென்று ஒரு நாற்காலி வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள், இடுப்பு வலித்தது. மூன்றாம் நாள் மைச்சட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் சௌகரியமாகச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.