கையோடு வந்த சாவி

மகளின் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போன கடையில் கடிகாரம் கழுவும் பெட்ரோல் வாசம் அடித்ததும், மாயவரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த, பிறகு அந்தப் படியோடு சேர்த்து இடிக்கப்பட்ட சின்னக் கடிகாரக் கடைக்குள் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டேன். வயல் வேலை ஐந்து மணிக்கு முடியும் என்று கூலிக்காரர்கள் போராடி ஒப்பந்தம் போட்டும், பண்ணைக் காரியக்காரர் சொன்னதுதான் மணி என்றிருந்ததால், எங்கள் தெருவுக்கென்று அப்பா பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தார். அது பழுதாகி இங்கே வந்தது. கடைக்காரப் பாய் அதில், பக்கவாட்டில் திருகும் சாவியின் தண்டைச் செருகித் திருகாணியை முடுக்குவார். நேரம் வைக்கச் சாவியை இழுத்தால் தண்டு முழுதாகக் கையோடு வரும். மறுபடி திறப்பார், மறுபடி செருகுவார், மறுபடி வரும்.

“நாளைக்கு நடவு, பாய்,” என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு.

“உள்ள தண்டப் பிடிக்கிற கொக்கி தேஞ்சிருக்குங்க. மெட்ராஸ்லேர்ந்து வரணும்,” என்று பாய் கடிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் சாய்ந்து, கொக்குகள் கூடு திரும்பிய பிறகும், காரியக்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் அஞ்சாகல, நட்டுக்கிட்டே இருங்கடி,” என்றார். சேற்றில் நின்ற அம்மா நிமிர்ந்து, “நம்ம மணி என்னங்க?” என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா வெறும் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அம்மா அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள்.