ட்ராக் அக்கா பாடிய பாட்டு

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளுக்கு 'ட்ராக் அக்கா' என்றுதான் பெயர். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. மாலையில், மெட்டு எப்படிப் போகிறது என்று பெரிய பாடகிகளுக்குக் காட்டுவதற்காக மாதிரிக்கு 'ட்ராக்' பாடிக் கொடுப்பாள். பாடகி வந்து பாடியதும் அவள் குரலை அழித்துவிடுவார்கள். அதில் அவளுக்கு மனத்தாங்கல் கிடையாது. பாடினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருப்பவள்.

ஒரு காதல் பாட்டு வந்தபோதுதான் முதல் உறுத்தல். படத்துக்கு அல்ல, தனிப்பாட்டு. பிரிந்து போனவனை நினைத்து ஒருத்தி மெதுவாகப் பாடுவது. பாடப் போவது பெயர்பெற்ற ஓர் இளம் பாடகி. சளி பிடித்திருந்ததால் சட்டென்று பாடிவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தவளை இசையமைப்பாளர் விடவில்லை. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்.

"ட்ராக்குக்கு எதுக்கு சார் இவ்வளவு மெனக்கெடணும்?"

"உணர்ச்சி வரணும்லக்கா. அப்பத்தானே பாட வர்றவங்களுக்குப் பிடிபடும்."

கிளம்பும்போது வழக்கத்துக்கு மாறாக வாசல்வரை வந்து வழியனுப்பினார். சவுண்ட் இன்ஜினியரோ அவள் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. ஏதோ சரியில்லை என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"குக்கர் விசிலடிச்சாலே யாரைப் பார்த்து அடிக்குதுன்னு கேக்கற ஆளு நீ," என்று அவர் சிரித்தார்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. இன்ஜினியருக்கு போன் போட்டாள். "அந்தப் பொண்ணு எப்பப்பா வந்து பாடிச்சு?"

"வந்தாங்கக்கா... இல்ல, வெளிநாட்டுல இருக்காங்க. அங்கேர்ந்தே அனுப்பிட்டாங்க." வார்த்தைக்கு வார்த்தை தடுமாறினான்.

பாட்டு வெளியான காலையில், கன்னம் வீங்கிய ஒருவர் எதிரே முனகிக்கொண்டிருக்க, அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். அந்த இளம் பாடகியின் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாம் சரணத்தில் ஒரு வரியின் முடிவில் மூக்கடைத்து லேசாக ஒரு தடங்கல். அன்றைக்கு அவளுக்கு இருந்த சளி அது. மூச்சு எடுத்த இடம், விட்ட இடம், எல்லாம் அவளுடையவை. கம்ப்யூட்டரை வைத்து அவள் பாடியதன்மேல் இன்னொருத்தியின் குரலைப் போர்த்திவிட்டிருக்கிறார்கள்.

அன்று மாலையே கணவரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"இப்ப எல்லாருமே இப்படித்தான்கா பண்றாங்க," என்றார் இசையமைப்பாளர்.

"அந்தப் பொண்ணு பாடி அனுப்பினதை என்ன பண்ணீங்க சார்?" என்று கேட்டார் கணவர். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"அவசரத்துல பாடி அனுப்பியிருந்தாங்க. சரியா வரல." சொல்லிவிட்டு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்தக் கூடத்திலிருந்து அதன்பிறகு அவளை யாரும் கூப்பிடவே இல்லை. வாயைக் கொடுத்து இருந்த வேலையையும் கெடுத்துக்கொண்டோமோ என்று அவள் உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அந்தப் பாடகி.

"அக்கா, எங்கம்மா பாட்டைக் கேட்டுட்டு, இது நீ மூச்சு விடற மாதிரியே இல்லையேடின்னாங்க. இன்ஜினியரைக் குடைஞ்சு கேட்டேன், உங்க பேரைச் சொன்னார். நான் அனுப்பினதைத்தான் போட்டிருக்காங்கன்னு நம்பிட்டிருந்தேன்."

இதிலும் ஏதோ உள்குத்து இருக்குமோ என்று பட்டது அவளுக்கு. "இப்ப என்னம்மா செய்யணும்ங்கற?"

"உங்க பேரைப் போடலைன்னா பாட்டை எடுத்துடச் சொல்லிட்டேன்."

சொன்னபடியே நடந்தது. பாட்டின் கீழே, பாடியவர்கள் என்று இருவர் பெயர்களும் வந்தன. அவள் பெயர் முதலில்.

மருத்துவமனையில் எல்லோரும் கேட்டுப் பாராட்டினார்கள். வேறு கூடங்களிலிருந்தும் அழைப்பு வருகிறது. மைக் முன்னால் நின்றதும், "யாரு பாடப் போறாங்க? நேர்ல வருவாங்களா?" என்று கேட்காமல் அவள் வாயைத் திறப்பதில்லை. தினமும் காலையில் மேசையில் உட்கார்ந்ததும் செல்போனில் அந்தப் பாட்டை எடுத்து, தன் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.