தகட்டுத் தூசியும் அம்மாவின் சந்தேகமும்

அம்மா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. மந்தைவெளி வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், வர இயலாமல் தபாலில் பெறப்போகும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரின் பொறுமையைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் எழுதுவார்கள். அம்மாவுக்குப் பொறுமை குறைவு. கோயிலுக்குப் போவார், ஆனால் அர்ச்சனைத் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவர் உடனே நம்பியதில்லை. அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருக்கோ போட்ட மலராகிவிடும் என்பதால், மூத்த மகளாகிய நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கோடம்பாக்கத்தில். தாத்தா ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் சிறிய அரங்கில் படம் ஓட்டுபவராக இருந்தார். பிலிமின் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டின் மீது ஒரு விளக்கு வெளிச்சம் பாய்ச்சும். கோட்டைக் கடந்து வரும் வெளிச்சத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் வாங்கி மின்சாரமாக மாற்றும். அதுதான் ஒலிபெருக்கியில் பேச்சாகவும் பாட்டாகவும் கேட்கும். வெளிச்சம் எப்படிக் குரலாகும் என்று சிறுமியான அம்மாவுக்குச் சந்தேகம். ஒருநாள் விளக்குக்கும் குழாய்க்கும் நடுவில் விரலை நீட்டிவிட்டார். திரையில் நாயகன் வாயசைத்துக்கொண்டே இருக்க, குரல் மட்டும் நின்றுபோனது. தாத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாக அம்மாவே சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

இயற்பியல் படித்து முடித்ததும், அடையாற்றில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இயங்கிய சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே செய்ததும் அதே இனத்துக் குழாய்கள்தாம். ஆனால் மிக மங்கலான ஒளியையும் உணரக்கூடியவை. ஆய்வுக்கூடங்களுக்கும், மருத்துவமனைகளில் உள்ள சில படமெடுக்கும் கருவிகளுக்கும் அவை போயின. நிறுவனத்தின் முதலாளி ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை 'சார்' என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவின் வேலையை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குடுவையைப் பம்பில் மாட்டி, சூடாக்கிச் சூடாக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு உள்ளே கம்பியில் ஒட்டியிருக்கும் ஆண்டிமனி மணியைச் சுடவைத்தால், அது ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய சாம்பல் படலமாகப் படியும். அதன் மேல் சீசியம் என்ற உலோகத்தின் ஆவியை விடுவார்கள். அப்போது படலத்தின் நிறம் மாறும், மீட்டரின் முள் ஏறும். முள் உச்சிக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் இறங்கிவிடும். ஊசிமுனை அளவு காற்று கசிந்தாலும் அந்தப் படலம் செத்துவிடும். அம்மா ஒவ்வொரு குழாயையும் குற்றவாளியைப் போலத்தான் பார்ப்பார். முதலில் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, முள் அசைகிறதா என்று பார்ப்பார். "வெளிச்சத்துல வேலை செய்யறது பெருசில்ல. இருட்டுல சும்மா இருக்குதா, அதைப் பாரு" என்பார். சந்தேகம் வந்த குழாயை இரக்கமில்லாமல் உடைத்துவிடுவார்.

அப்பாவின் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். வேலைக்குப் போகும் மருமகள் அந்த வீட்டுக்குப் புதிது. அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தார். கண்ணாடிக் குடுவைக்குள் ஒன்றுமில்லாததை அடைத்து விற்கிறார்கள் என்று அவர் கேலி செய்வார். என்றாலும் எங்களை வளர்த்ததில் பாதி அவர்தான்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் சார் ஒரு மாற்றம் செய்தார். குழாய்க்குள் வரிசையாகச் சின்னத் தகடுகள் இருக்கும். படலத்திலிருந்து கிளம்பும் ஓர் எலக்ட்ரான் முதல் தகட்டில் மோதினால் பல எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை அடுத்த தகட்டில் மோதி இன்னும் பலவாகும். அந்தத் தகடுகளைப் பெரிலியம் கலந்த செம்பில் செய்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று சார் அந்த உலோகத்தை வாங்கி வரச் செய்தார். தகட்டை வெட்டி, வளைத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, உலையில் சுட வேண்டும். தேய்க்கும் மேசையில் அம்மாவோடு வேலை பார்த்த செல்வி அக்காவும் வேறு சில பெண்களும் உட்கார்ந்தார்கள். அம்மா மேற்பார்வை பார்த்ததோடு, அவசரமென்றால் தானும் உட்கார்ந்து தேய்த்தார். மின்விசிறிக் காற்றில் தூசி பொன்னிறமாகப் பறக்கும் என்று செல்வி அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து அம்மாவுக்கு இருமல் வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். பல மாதம் சாப்பிட்டும் குறையவில்லை. சளியில் கிருமி ஒருமுறைகூடக் காணப்படவில்லை. "கிருமியே இல்லங்கறாங்க, அப்புறம் யாரைக் கொல்ல இந்த மாத்திரை?" என்று அம்மா கேட்டார். மருந்தை நிறுத்தக் கூடாது என்பதே பதிலாக வந்தது.

வீட்டிலோ சந்தேகம் வேறு திசையில் போனது. அத்தை அம்மாவின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் அம்மா இருமிவிடக் கூடாது என்று அத்தை பயந்தார். ஒருநாள் அப்பாவிடம், "கலியாணத்துக்கு முன்னாலயே இந்தச் சீக்கு இருந்திருக்கும்டா. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாகளோ என்னமோ" என்று சொன்னது சமையலறையில் இருந்த அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா தன் டம்ளரைத் தானே கழுவி, தனியாகவே கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் செல்வி அக்காவும் இருமுவது அம்மாவுக்கு உறைத்தது. செல்வி அக்கா ஆற்றோரக் குடியிருப்பில் இருந்து, வீடு இடிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர். பஸ்ஸில் வந்து போகும் அலைச்சல்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மா அப்படி நினைக்கவில்லை. ஒரு குழாய் கெட்டால் எங்கே கசிவு என்று தேடுவதைப் போலத் தேட ஆரம்பித்தார். சீசியம் காரணமாக இருக்க முடியாது, அது வெற்றிடத்துக்கு வெளியே வருவதே இல்லை. ஆண்டிமனியும் குடுவைக்குள்ளேயே ஆவியாகிறது. கண்ணாடி ஊதுபவர்களில் யாருக்கும் இருமல் இல்லை. உப்புத்தாள் மேசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் இருமினார்கள். அம்மா சாரிடம் போய்ச் சொன்னார்.

"காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா? நானும் இங்கதான் இருக்கேன்" என்று சார் சொல்லிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. வேறொரு நிறுவனம் முன்பு அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது, அம்மா போகவில்லை. அவர்கள்தாம் தூண்டிவிடுகிறார்களோ என்று சாருக்கு இப்போது சந்தேகம். மாலையில் கிளம்பும்போது அம்மாவின் கைப்பையை மட்டும் வாசலில் திறந்து பார்க்கச் சொன்னார். டிபன் பாக்ஸைக்கூடத் திறந்தார்கள். வேலையை விட்டுவிடும்படி அப்பா கெஞ்சினார். "நான் வந்துட்டா செல்விக்காக யாரு கேப்பா?" என்றார் அம்மா. பையைத் தானே திறந்து காட்டிவிட்டு வெளியே வருவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

வழி பிறந்தது ஒரு பெண் மருத்துவரால். பழைய மருத்துவர் ஊர் மாறிப் போனதும் நாங்கள் தேடிப் போனவர் அவர். நுரையீரலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்து, இது காசநோய் மாதிரித் தெரியவில்லை என்றார். பிறகு, அதுவரை எந்த மருத்துவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "என்ன வேலை பாக்கறீங்க?"

அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பெரிலியம் என்ற சொல் வந்ததும் மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். அந்த உலோகத்தின் தூசி சிலருடைய நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு நோயை உண்டாக்கும் என்று விளக்கினார். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்றும் சொன்னார். உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, ஆனால் அதை இங்கே செய்ய வழி கிடைக்கவில்லை என்பதால், தன்னால் 'சந்தேகம்' என்றுதான் எழுத முடியும் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார். செல்வி அக்காவையும் உடனே அழைத்து வரச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா அழுதார். பிறப்பிலிருந்தே தன்னிடம் ஏதோ குறை இருந்ததோ என்று அவரே தன்னைச் சந்தேகித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் அம்மா எல்லோர் முன்னிலையிலும் சாரிடம் பேசினார். அங்கே நடந்ததைச் செல்வி அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டரே சந்தேகம்னுதானே சொல்றாங்க? நிரூபிக்கலையே" என்றாராம்.

"சந்தேகம் போதும் சார்" என்றிருக்கிறார் அம்மா. "ஒரு குழாயில காத்து கசியுதோன்னு சந்தேகம் வந்தாலே உடைச்சுப் போடறோம். யாரும் நிரூபிக்கச் சொல்றதில்ல. இவங்க நெஞ்சு அந்தக் கண்ணாடியை விடக் கேவலமா?"

செல்வி அக்கா மேசையை விட்டு எழுந்தார். மற்ற பெண்களும் எழுந்தார்கள். அன்று யாரும் தகட்டைத் தொடவில்லை.

சில நாளில் சார் மேசையையே எடுத்துவிட்டார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் வெட்டித் தேய்த்த தகடுகள் முன்பைப் போலவே வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வருகின்றன என்று அம்மா விசாரித்தார். ஆதம்பாக்கத்தில் ஒரு சிறு பட்டறைக்கு வேலையைக் கொடுத்திருந்தார் சார்.

அம்மா அப்பாவின் ஸ்கூட்டரிலும், செல்வி அக்கா பஸ்ஸிலுமாக அங்கே போனார்கள். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொல்ல, பட்டறைக்காரர் நம்பவில்லை. பெரிய இடத்து ஆர்டரைத் தட்டிப் பறிக்க வந்தவர்கள் என்று நினைத்து வெளியே போகச் சொன்னார். அம்மா மூச்சு முட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வி அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனார். "இன்னா நைனா, உன் பொழப்பக் கெடுக்கவா நாங்க வந்துகினு கீறோம்? இதே தகடைத்தான் நானும் தேச்சேன். பஸ்ல ஏறக்கூட மூச்சு வாங்குது. வாசல்ல குந்திகினு கீதே அந்த அம்மா, அதைப் பாத்துட்டு அப்பால முடிவு பண்ணு."

பட்டறைக்காரர் வெளியே வந்து அம்மாவைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். அவருடைய மனைவியும் அந்தக் கொட்டகையில்தான் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரமே தகடுகளைச் சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு வழியின்றி சார் கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றைச் செய்வித்தார். கைகளை மட்டும் உள்ளே நுழைத்து, ஈரத்திலேயே தேய்க்கலாம். தூசியை இழுத்து வடிகட்ட விசிறியும் உண்டு. முகமூடியும் கொடுத்தார். செல்வி அக்காவுக்குக் குழாய் சோதிக்கும் அறையில் வேலை மாறியது. அவருக்கு நோய் தொடக்கத்திலேயே பிடிபட்டதால் மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது.

கடைசி ஆண்டுகளில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வாழ்ந்தார். அது காட்டும் எண்ணையும் நம்பாமல் விரலில் இன்னொரு கருவியை மாட்டிச் சரிபார்ப்பார். அத்தைதான் அருகிலேயே இருந்து கஞ்சி ஊட்டினார். ஒரு மதியம், "எம்மேல கோவமா இருக்கியா?" என்று அத்தை கேட்டுவிட்டார்.

"இல்ல மதினி" என்றார் அம்மா. "சந்தேகப்பட்டது தப்பில்ல. ஆளைத்தான் மாத்திப் புடிச்சிட்டீங்க."

அத்தை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்து போனார். சில வாரங்களில், காலையில் காபி வேண்டும் என்று கேட்டுவிட்டு, அது வருவதற்குள் அம்மா கண்மூடினார்.

அம்மாவின் நோயை அறிந்து சொன்ன மருத்துவர் அம்மையாருக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், கடையை மூடிவிட்டு உடனிருந்த சித்தப்பாமார்களுக்கும், மின்சாரம் போன நாட்களில் தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒயர் இழுத்துத் தந்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், ஆதம்பாக்கம் பட்டறை நண்பருக்கும், இத்தனை காலம் அம்மாவுக்கு உடன்பிறவாத் தங்கையாக இருந்த செல்வி அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

சாருக்கும் நன்றி எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார். காரியத்தன்று பெரிய மாலையோடு வந்தவர், என்னைத் தனியே அழைத்து, பெட்டியும் விசிறியும் அப்படியே ஓடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இதை எழுதுமுன் செல்வி அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். அவர் அந்தப் பெட்டிக்கே போய், விசிறி தூசியை இழுக்கும் வாயில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இழுக்குதும்மா, எழுதிக்க" என்றார்.

அந்தக் காகிதம் இழுபடும் காலம்வரை சாருக்கும் எங்கள் நன்றி.